என் உள்ளங்காலை அடுத்தவன் போனில் பார்த்தேன்

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை, உட்கார்ந்து படிக்க எனக்கும் பொறுமையில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இரும்புப் பிசிறு கூட்டி அள்ளுகிற வேலையில் சேர்ந்தேன். இன்று அதே எஸ்டேட்டில் எனக்குச் சொந்தமாக ஒரு பிரஸ் கம்பெனி இருக்கிறது. தகடு வெட்டுகிற, வளைக்கிற பெரிய பெரிய இயந்திரங்கள். நான் கையெழுத்துப் போடாமல் அங்கிருந்து ஒரு சரக்கு வெளியே போகாது. பாரிவாக்கத்தில் நான் கட்டிய வீட்டைக் கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். இதில் ஒரு செங்கல்கூட எவனும் எனக்கு எடுத்துக் கொடுத்ததில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போகிற ஆஸ்பத்திரிக்காரர்கள் இதில் எதையும் என்னிடம் கேட்கவில்லை. அவர்கள் என்னிடம் எதையுமே கேட்கவில்லை. முட்டிக்குக் கீழே என் வலது காலை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தபோதுகூட.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். எழுதினால் அது மட்டும்தான் அப்படி என்று மற்ற ஆஸ்பத்திரிகள் நிம்மதியாக இருக்கும். இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, நல்ல கண்ணாடி போட்ட கட்டடம், அவ்வளவு போதும்.

எனக்கு சுகர். பல வருஷமாக இருக்கிறது. பாதம் மரத்துப்போய் ரொம்ப நாள் ஆகிறது. ஒரு நாள் ஷூவுக்குள் ஒரு தகட்டுச் சில்லு விழுந்திருக்கிறது. அது விரலடியைக் குத்தி, புண்ணாகி, சீழ் பிடிக்கும்வரை எனக்குத் தெரியவில்லை. தெரிய வைத்தது வலி இல்லை, நாற்றம். வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து டிரைவரைத் திட்டினேன். செத்துக் கிடந்தது என் சுண்டுவிரல்.

என் மகன் கொண்டுபோய்ச் சேர்த்தான். அவன் என்ஜினீயர். நான் படிக்க வைத்தேன். அங்கே நுழைந்த நிமிஷத்திலிருந்து எல்லாரும் அவனிடம் மட்டும்தான் பேசினார்கள். "பேஷண்ட்டோட அட்டெண்டர் யாரு?" என்று கேட்டார்கள். அட்டெண்டர் என்றால் கூட வந்திருக்கிறவர். என் கம்பெனியில் அட்டெண்டர் டீ வாங்கி வருவார். இங்கே அட்டெண்டர்தான் முதலாளி. அவருக்குத்தான் நாற்காலி, அவருக்குத்தான் பதில். நர்ஸ் என் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, என் தலைக்கு மேலே என் மகனைப் பார்த்து, சாப்பிட்டாரா, யூரின் போனாரா, எத்தனை வருஷமா சுகர் என்று கேட்டாள். நான் பதில் சொன்னால் அதையே அவன் மறுபடி சொன்ன பிறகுதான் எழுதிக்கொண்டாள். கட்டிலில் படுத்த உடனே என் நாக்கைப் பிடுங்கி மகன் வாயில் வைத்தது போல.

அதில் அவன் ஒரு காரியம் செய்தான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. "அப்பா அவ்வளவா படிக்கலை, எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க சிஸ்டர்" என்று சொன்னான். என் காதால் கேட்டேன். எனக்குத் தொல்லை வேண்டாம் என்று சொல்கிறான் என்று நினைத்து சும்மா இருந்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்று பிறகு சொல்கிறேன்.

என்னைப் போட்டது நாலைந்து கட்டில் இருக்கிற ஹாலில். தனி ரூம் காலியில்லை என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பாய். பூந்தமல்லி பஜாரில் செருப்புக் கடை வைத்திருப்பவர். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். என் காலைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இன்னா அண்ணாத்தே இது, என் யாவாரத்துல பாதியைக் கொறைச்சிடுவே போலகீதே." நான் சிரித்துவிட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் என் காலைப் பற்றி என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

பாய் வாயாடி, ஆனால் கூச்சக்காரர். ஒரு நாள் மாலை அவருடைய சம்பந்தி வீட்டார் பார்க்க வந்திருந்தார்கள். ஆண்களும் பெண்களுமாக, கையில் பழப்பையோடு, மரியாதையாகத் தள்ளி நின்று நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஹாலின் அந்தக் கோடியிலிருந்து நர்ஸ் ஒருத்தி, மார்க்கெட்டில் கூவுகிற மாதிரி, "பாய், காத்து பிரிஞ்சுதா இல்லியா?" என்று கேட்டாள். வயிற்று ஆபரேஷன் ஆனவரிடம் அது கேட்க வேண்டிய கேள்விதானாம். இருக்கட்டும். கிட்டே வந்து கேட்கக் கால் இல்லையா? கால் போகப்போவது எனக்கல்லவா. பாயின் முகம் சுருங்கிப்போனது. சம்பந்தியம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அவள் விடவில்லை, இன்னொரு தரமும் கேட்டாள். அன்று ராத்திரி சாப்பாடு வந்தபோது பாய் தட்டைத் தொடவில்லை.

எனக்குக் கட்டுப் பிரிக்கிறபோது மறைப்புத் திரை இழுக்க மாட்டார்கள். திரை இருந்தது, சக்கரம் வைத்தது, ஓரமாக நின்றுகொண்டே இருந்தது. கட்டுப் போடுகிறவன் நெமிலிச்சேரிப் பக்கத்து ஆள். பேச்சில் நல்ல பையன். துணியைப் பிரித்தவுடனே ஹால் முழுக்க நாறும். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் கையை நிறுத்துவார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அவன் தினமும் போனை எடுத்து என் பாதத்தைப் படம் பிடிப்பான். எதற்கு என்று கேட்டதற்கு, பெரிய டாக்டருக்கு அனுப்ப வேண்டும் என்றான். சரி, வைத்தியத்துக்குத்தானே என்று விட்டுவிட்டேன். யாரிடம் கேட்டு எடுக்கிறாய் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. எனக்கு எட்டாத இடம் என் உள்ளங்கால். குனிய முடியாது, மடக்க முடியாது. அது எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

பெரிய டாக்டர் காலையில் வருவார். கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். என் மகனிடம் இங்கிலீஷில் பேசுவார். கட்டில் கம்பியில் விரலால் தட்டுவார், வெளியே போவார். மகன் பின்னால் ஓடுவான். ஒரு நாள் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டாக்டர் கையை முட்டிக்குக் கீழே வைத்து ஒரு கோடு இழுத்துக் காட்டினார். என் மகன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

இன்னாடா சொன்னாரு என்று கேட்டேன். சின்ன ஆபரேஷன், புண்ணைச் சுத்தம் பண்ணுவார்களாம், பயப்பட ஒன்றுமில்லை என்றான். அவன் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். ஆனால் வலி எடுக்கக் கூடாது என்று ஊசி போட்டிருந்தார்கள். கண் சொருகிக்கொண்டு வந்தது. தூங்கிவிட்டேன்.

விழித்துப் பார்த்தால் என் இடது கட்டைவிரலில் நீல மை.

எனக்கு முதலில் புரியவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன், போகவில்லை. என் வாழ்நாளில் நான் விரல் வைத்ததில்லை. பிசிறு அள்ளுகிற காலத்திலேயே சம்பளத்துக்கு விரல் வைக்க மாட்டேன் என்று, சிமெண்ட் தரையில் கரித்துண்டால் எழுதி எழுதிக் கையெழுத்துப் போடக் கற்றவன் நான். இன்று என் கையெழுத்தைப் பார்த்து ஆடிட்டரே அழகாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கையை எவனோ தூக்கத்தில் எடுத்து மையில் முக்கியிருக்கிறான்.

பாயைப் பார்த்தேன். அவர் என் பக்கம் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், இன்னா இது?"

"நீ கொறட்டை வுட்டுகினு இருந்தே அண்ணாத்தே. அந்த சிஸ்டரம்மா வந்து தட்டிச்சு, நீ ஏந்திரிக்கலை. பெரியவருக்கு எப்படியும் கைநாட்டுதானே, வெச்சிக்கலாம்னு சொல்லிச்சு." போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "கையைப் புடிச்சுக் குடுத்தது உன் புள்ளதான்."

நான் நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல தாத்தா, சும்மா ஃபார்மாலிட்டி" என்று சொல்லிவிட்டு பாயின் ஊசிக் குழாயைச் சரி செய்யப் போய்விட்டாள். என் பேத்தி தவிர வேறு யாரும் என்னைத் தாத்தா என்று கூப்பிட்டதில்லை. நான் என்ன சொல்கிறேன் என்றால், என் கம்பெனியில் தூங்குகிற ஒரு வேலைக்காரனின் விரலைப் பிடித்து நான் ஒரு தாளில் அமுக்கினால் போலீஸ் என்னை ஜீப்பில் ஏற்றும். ஏற்றத்தான் வேண்டும். அதையே வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு செய்தால் அதற்குப் பெயர் ஃபார்மாலிட்டி. லிஃப்ட் பக்கத்தில் நோயாளிகளின் உரிமைகள் என்று பெரிய போர்டு வேறு மாட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது எழுத்துக் கூட்டிப் படித்தேன். என்ன வைத்தியம் என்று விளக்கிச் சொல்ல வேண்டுமாம், சம்மதம் கேட்க வேண்டுமாம், நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாதாம். கீழே இருந்த பாதியைப் படிக்க முடியவில்லை. தண்ணீர் கேன் அடுக்கி மறைத்திருந்தார்கள்.

மகனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மத்தியானம் வேறொருவர் வந்தார்.

எஸ்டேட்டில் எங்கள் தெருவிலேயே பிரஸ் வைத்திருக்கிறவர். என்னிடம் வேலை பார்த்துவிட்டு, தனியே போய், என்னுடைய வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருவராக இழுத்தவர். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, இழுக்க இழுக்க நான் வளர்ந்தேன். அவர் சாத்துக்குடிப் பையைக் கட்டிலில் வைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, சாவு வீட்டுக் குரலில் ஆரம்பித்தார்.

"தைரியமா இருண்ணே. இப்பல்லாம் செயற்கைக்கால் சூப்பரா வந்துகீது. முட்டி இருந்தா போதும், நடந்துடலாம்."

"இன்னா முட்டி?"

"முட்டிக்குக் கீழதானே எடுக்கிறாங்க?" அவர் முகம் மாறியது. "உனக்கு சொல்லலியாண்ணே?"

"உனக்கு யாரு சொன்னது?"

கட்டுப் போடுகிறவன் என்று அவர் சொன்னார். அவனுடைய மச்சான் இவரிடம்தான் வேலை செய்கிறானாம். ஏதோ பொய்ச் செய்தி என்று நான் நினைத்துவிடக் கூடாதென்று, போனை எடுத்து, தேய்த்து, என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் ஒரு பாதம். கறுத்து, பிளந்து, நடுவில் பச்சையாக ஏதோ. கசாப்புக் கடையில் கழித்துப் போடுகிற துண்டு மாதிரி இருந்தது. ஓரத்தில் என் லுங்கியின் கட்டம் தெரிந்தது. அதை வைத்துத்தான் அது என் கால் என்று எனக்குத் தெரிந்தது.

என் உள்ளங்காலை முதல்முதலாக நான் பார்த்தது அப்படித்தான், என்னைப் போட்டியாக நினைக்கிறவன் கையில். அந்தப் படத்தை எஸ்டேட்டில் எத்தனை பேர் டீ குடித்துக்கொண்டே பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். சாத்துக்குடிப் பையிலேயே வாந்தி எடுத்தேன்.

அவர் அதோடு போயிருக்கலாம். போகிறபோது திரும்பி, "பெரிய பிரஸ்ஸைக் கொடுக்கிற எண்ணம் வந்தா வெளியாளுக்குப் போக வேணாம்ணே, நான் கீறேன்" என்றார். பாய் எழுந்து உட்கார முயன்றார், தையல் இழுத்தது, படுத்துக்கொண்டார். படுத்தபடியே, "வந்தவழி தெரியுதா, கெளம்புப்பா" என்று அவரை அனுப்பி வைத்தார்.

மாலையில் மகன் வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் என் விரலைக் காட்டினேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து அழுதான். டாக்டர்தான் சொல்ல வேண்டாம் என்றாராம். சொன்னால் எனக்குப் பிரஷர் ஏறும், ஆபரேஷனே தள்ளிப்போகும், ஒரேயடியாக முட்டிக்குக் கீழே எடுத்தால் ஒரே தரத்தில் முடிந்துவிடும் என்றாராம். குடும்பத்தில் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டார்களாம். என் தம்பிக்குத் தெரியும். மருமகளுக்குத் தெரியும். எஸ்டேட்டுக்குத் தெரியும். கால் வைத்திருக்கிறவனுக்கு மட்டும் தெரியாது.

டாக்டரைக் கூப்பிடு என்றேன். காலையில் வருவார் என்றார்கள். இப்போது வராவிட்டால் இப்படியே தவழ்ந்து லிஃப்டுக்குப் போவேன், வழியில் இருக்கிற எல்லாரிடமும் விரலைக் காட்டுவேன் என்று சொன்னேன். என் குரல் பிரஸ் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல். அரை மணி நேரத்தில் டாக்டர் வந்தார். வழக்கம்போலக் கால்மாட்டில் நின்றார்.

"குந்து சார்," என்றேன். "குந்திகினு பேசுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். பாய் தன் கட்டில் பக்கத்து ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார். டாக்டர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவரும் மனுஷன் மாதிரி இருந்தார்.

"உங்க பையன்கிட்ட எல்லாத்தையும் விளக்கிட்டேனே ஐயா."

"அவனுக்கு வெளக்கினீங்க. காலு அவனுதா?"

வயசானவர்களிடம் இதையெல்லாம் நேராகச் சொல்வது வழக்கமில்லை, பயந்துபோவார்கள் என்றார்.

"பயப்படறது என் வேலை சார். அதை எனக்கு வுட்டுட்டு, இன்னா பண்ணப்போறீங்கன்னு சொல்லுங்க."

சொன்னார். படுக்கை விரிப்பில் விரலால் கால் மாதிரி வரைந்து சொன்னார். புண் பாதத்தின் முன்பக்கத்தில் எலும்பு வரை போய்விட்டது. எடுக்காமல் விட்டால் விஷம் உடம்பில் ஏறும், உயிருக்கே ஆபத்து. எடுப்பதில் இரண்டு வழி. முட்டிக்குக் கீழே எடுத்தால் அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, சீக்கிரம் ஆறும், செயற்கைக்கால் மாட்டலாம். இன்னொரு வழி, விரல்களோடு முன்பாதத்தை மட்டும் எடுத்துக் குதிகாலைக் காப்பாற்றிப் பார்ப்பது. அங்கே ஓட்டம் சுமார்தான். ஆறலாம், ஆறாமலும் போகலாம். ஆறாவிட்டால் மறுபடி ஆபரேஷன், அப்போது முட்டிக்குக் கீழேதான், அதற்குள் உடம்பும் தளர்ந்திருக்கும்.

இரண்டாவது வழி ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். உங்களுக்குப் புரிகிறதா? தேர்ந்தெடுக்க இரண்டு இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை என் கண்ணிலேயே காட்டாமல் விரலைப் பிடித்து அமுக்கியிருக்கிறார்கள்.

"குதிகாலு இருந்தா நான் நிக்கலாமா?"

"நிக்கலாம். தனி ஷூ போட்டு நடக்கவும் செய்யலாம். ஆனா உத்தரவாதம் கொடுக்க மாட்டேன்."

எனக்கு அது போதும். பிரஸ் அடிக்கிறபோது அந்த அதிர்வு தரை வழியாகக் குதிகாலில் ஏறும். பாதம் மரத்துப்போன பிறகும் அங்கே மட்டும் எனக்கு உணர்வு இருந்தது. அதை வைத்துத்தான் எந்த இயந்திரம் சரியாக அடிக்கிறது, எது திணறி இழுக்கிறது என்று இன்றும் நான் சொல்வேன். என் ஃபோர்மேன் காதால் கண்டுபிடிப்பதற்குள் நான் காலால் கண்டுபிடித்துவிடுவேன். இதை அந்த டாக்டர் எப்படி அறிவார்? என் மகனுக்கும் தெரியாது. அவன் ஏசி ரூமில் வேலை பார்ப்பவன். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். குதிகாலை வைத்துப் பாருங்கள் என்றேன்.

மகன் எழுந்துவிட்டான். "வேணாம்பா. ஒரே தடவைல முடிச்சிடலாம்பா. ரெண்டாவது தபா உன்னை உள்ள அனுப்பிட்டு வெளிய நிக்க என்னால முடியாது."

"அப்ப நிக்காதே. ஊட்டுக்குப் போ."

அவன் போகவில்லை. சுவர் ஓரமாக நின்றான். அவன் பயந்தது எனக்காகத்தான், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவன் பயத்தை ஆற்ற என் முழங்காலிலா கத்தி வைப்பது? பாசம் என்று பெயர் வைத்துவிட்டால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. வீட்டில் செய்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களும் அதில் சேர்ந்துகொள்கிறார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கு வசதி. நோயாளியிடம் பேச நேரம் ஆகும். அவன் குறுக்குக் கேள்வி கேட்பான். கூட வந்தவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான்.

விரல் வைத்த தாளை என் கண் முன்னே கிழிக்கச் சொன்னேன். கிழிக்கக் கூடாது, குறுக்கே கோடு போட்டு ரத்து என்று எழுதுகிறோம் என்றார்கள். இப்போது மட்டும் சட்டம் ஞாபகம் வந்தது. சரி, அப்படியே செய்யுங்கள் என்று சொல்லி, புதிய தாளை டாக்டரையே வரிவரியாகப் படிக்க வைத்து, கையெழுத்துப் போட்டேன். கொடுத்திருந்த கட்டம் எனக்குப் போதவில்லை, வெளியேயும் கொஞ்சம் போட்டேன். கைநாட்டு என்று சொன்ன நர்ஸ் பக்கத்தில்தான் நின்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. "ஐயா நல்லா போடறீங்களே" என்றாள். குழந்தையைப் பாராட்டுகிற மாதிரி. அதற்கு அவள் பேசாமலே இருந்திருக்கலாம்.

படத்தை அனுப்பியவன் மறுநாள் வந்தான். புகார் கொடுத்திருந்தேன், அதனால் வந்தான். அவன் முகத்தைப் பார்த்தால் தப்புச் செய்தவன் மாதிரியே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நம்ம ஏரியா ஆளுன்னுதான் அண்ணாத்தே அனுப்பினேன். உங்களுக்கு ஒண்ணுன்னா நம்ம பசங்க வந்து நிப்பாங்கன்னு."

"நான் கூப்ட்டா வருவாங்க. நீ இன்னாத்துக்குக் கூப்டறே?"

எங்கள் பக்கத்தில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம், அல்லது சொந்தக்காரனிடம் வேலை செய்கிறவன். அதனால் ஒருவன் வியாதி ஊருக்கே பொது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை மாதிரி நாலு பேருக்குக் கொடுத்தால் மரியாதை என்று நினைக்கிறார்கள். நிர்வாகத்திலிருந்து ஒரு பெண் பழக்கூடையோடு வந்து, கண்டித்துவிட்டோம் சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். போன படம் போனதுதான். எஸ்டேட்டில் இன்னும் யார் போனிலாவது அது இருக்கும்.

ஆபரேஷன் நடந்தது. குதிகால் தங்கியது. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஓரத்தில் ஒரு பக்கம் மறுபடி கறுத்தது. டாக்டர் வந்தார், தானே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், இன்னும் கொஞ்சம் சதையை எடுக்க வேண்டும், எடுத்தும் நிற்காவிட்டால் மேலேதான் போக வேண்டும் என்றார். எடுங்கள் என்று கையெழுத்துப் போட்டேன். அந்த இரண்டாவது தரம் மகன் வெளியே நின்றான். நிற்க முடியாது என்று சொன்னவன் நின்றான். என்னோடு நாலு நாள் சரியாகப் பேசவில்லை, ஆனால் நின்றான்.

பாய் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் மட்டும் அந்த ஹாலில் கிடந்தேன். புண் மெல்ல மெல்லச் சிவப்பாக, ஈரமாக, நல்ல சதையாக வந்தது. ஆறுகிற புண் என்று அவர்கள் சொன்னார்கள். நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஆனால் அது நான் எடுத்த முடிவு. கெட்டுப்போயிருந்தாலும் நான் எடுத்த முடிவுதான்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு காலை, டாக்டர் ஒரு கூட்டத்தோடு வந்தார். பயிற்சிக்கு வந்திருக்கிற நர்சிங் பிள்ளைகள். புது யூனிபார்ம், கையில் பேனா. இப்போதெல்லாம் நோயாளிக்கு என்னென்ன உரிமை, சட்டம் என்ன சொல்கிறது என்று அவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்களாம். என் கட்டிலைச் சுற்றி நிறுத்தினார். முகத்தில் ஒரு பெருமை.

"நேத்து நான் சொன்னேனே, இவர்தான் அந்த பேஷண்ட். எல்லா விவரத்தையும் கேட்டு, புரிஞ்சு, தானே முடிவெடுத்தவர். இப்படித்தான் சம்மதம் வாங்கணும்."

இப்படிச் சொல்லிக்கொண்டே என்னைப் பார்க்காமல் என் போர்வையை இழுத்தார். போர்வையோடு லுங்கியும் தொடை வரை ஏறியது. அத்தனை பெண் பிள்ளைகளும் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவர் கை என் கட்டின் நுனியைப் பிடித்துப் பிரிக்க ஆரம்பித்தது.

எனக்கு வந்ததே ஒரு அருவருப்பு. நாறிய கால் என் உடம்பில் இருந்தபோதுகூட அப்படி வரவில்லை. நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"கேட்டுட்டுத் தொடு சார்."

டாக்டர் கையை எடுத்தார். அந்தப் பிள்ளைகளின் எதிரில் அவர் காது சிவந்தது. பிறகு சிரித்துச் சமாளித்துக்கொண்டு, "சரிங்க ஐயா. பிள்ளைங்க பார்க்கலாமா?" என்றார்.

"வேணாம்."

அவர் நான் சரி என்பேன் என்று நினைத்திருந்தார். கேட்டுவிட்டால் எவனும் சரி என்றுதான் சொல்வான் என்று இவர்கள் நினைக்கிறார்கள். படிக்கிற பிள்ளைகள், ஒரு நிமிஷம்தான் என்று மறுபடி சொன்னார்.

"வேணாம்னா வேணாம் சார்."

யாரோ ஒரு பெண்ணின் பேனா கீழே விழுந்து உருண்டது, அவள் குனிந்து எடுக்கவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் எல்லாரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்கள். நான் லுங்கியைக் கீழே இழுத்துவிட்டு, அவிழ்ந்திருந்த கட்டின் நுனியை நானே சொருகி, காலைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.